ஆஸ்பெஸ்டாஸ் உள்ள கட்டடம்: எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, எப்படிப் பாதுகாப்பாக அகற்றுவது

ஆஸ்பெஸ்டாஸ் என்றதும் சிலர் "இத்தனை வருஷமா இந்தக் கூரையின் கீழேதான் இருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே" என்கிறார்கள். வேறு சிலர் எதையோ படித்துப் பயந்துபோய், மறுநாளே சுத்தியலை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிவிடுகிறார்கள். இந்த இரண்டாவது ஆளை நினைத்துத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

ஆஸ்பெஸ்டாஸ் நோய் தருவது மூச்சோடு உள்ளே போகும் இழைத் தூசியால்தான். முழுசாக, உதிராமல், யாரும் தொந்தரவு செய்யாமல் இருக்கும் ஷீட்டிலிருந்து வரும் தூசி மிகக் குறைவு. அதே ஷீட்டை உடைத்தாலோ, கிரைண்டரால் அறுத்தாலோ, துளை போட்டாலோ, கம்பி பிரஷால் தேய்த்தாலோ, கண்ணுக்கே தெரியாத இழைகள் கூட்டம் கூட்டமாகக் காற்றில் ஏறும். அவை மணிக்கணக்கில் கீழே படியாமல் மிதக்கும். ஆக, ஆஸ்பெஸ்டாஸ் விஷயத்தில் எந்த முடிவை எடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதனால் தூசி கிளம்புமா? கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்தக் கேள்விக்கான பதில்தான்.

உடலுக்குள் என்ன நடக்கிறது

ஆஸ்பெஸ்டாஸ் என்பது ஒரே கனிமம் அல்ல. இழை இழையாகப் பிரியக்கூடிய ஆறு சிலிக்கேட் கனிமங்களுக்குச் சேர்த்து வைத்த பெயர் அது. கட்டடங்களில் அதிகம் புழங்கியவை மூன்று: வெள்ளை வகையான கிரைசோடைல், பழுப்பு வகையான அமோசைட், நீல வகையான குரோசிடோலைட். நீலமும் பழுப்பும்தான் மோசம், வெள்ளை பரவாயில்லை என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. மீசோதீலியோமா என்ற புற்றுநோயைப் பொறுத்தவரை நீலமும் பழுப்பும் கூடுதல் வீரியம் கொண்டவை என்பது உண்மைதான். ஆனால் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆறு வகைகளையுமே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பிரிவில் வைத்திருக்கிறது. வெள்ளை என்பதற்காக விட்டுவிட முடியாது.

நம் தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 100 மைக்ரான். நுரையீரலின் அடி ஆழம் வரை போகும் ஆஸ்பெஸ்டாஸ் இழையின் தடிமன் 3 மைக்ரானுக்கும் குறைவு. பல இழைகள் அதைவிட எவ்வளவோ மெல்லியவை. அந்நியப் பொருளை விழுங்கி அழிப்பதற்கென்றே நுரையீரலில் செல்கள் இருக்கின்றன. ஆனால் இந்த இழை அந்தச் செல்லைவிட நீளமாக இருந்தால் அதால் முழுசாக விழுங்க முடியாது. பாதி விழுங்கிய நிலையில் அது அழற்சி உண்டாக்கும் பொருள்களைக் கசியவிட்டபடியே இருக்கும். இழையோ கரைவதில்லை, அல்லது மிக மெதுவாகத்தான் கரைகிறது. வருடக்கணக்கில் நீடிக்கும் இந்த அழற்சியிலிருந்துதான் தழும்பும் புற்றும் வருகின்றன.

நோய்கள் முக்கியமாக மூன்று. பல வருடம் அதிகத் தூசியில் வேலை செய்தவர்களுக்கு நுரையீரல் திசு தழும்பேறி இறுகிப்போவது ஆஸ்பெஸ்டோசிஸ். அடுத்தது நுரையீரல் புற்றுநோய். மூன்றாவது மீசோதீலியோமா: நுரையீரலையோ வயிற்று உறுப்புகளையோ போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் வரும் புற்று. இது பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸால்தான் வருகிறது. குணமாவது மிக அரிது. குரல்வளை, சினைப்பை ஆகியவற்றில் வரும் புற்றுநோய்க்கும் ஆஸ்பெஸ்டாஸ் காரணம் என்பது உறுதியாகியிருக்கிறது. வேலையிடத்து ஆஸ்பெஸ்டாஸால் மட்டும் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இந்த நோய்கள் உடனே தலைகாட்டுவதில்லை என்பதுதான் பெரிய சிக்கல். தூசியைச் சுவாசித்ததற்கும் நோய் தெரிவதற்கும் நடுவே 20 ஆண்டுகள் போகலாம், 40 ஆண்டுகளும் போகலாம். "ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதம் எடுபடாததற்குக் காரணம் இதுதான். அறிவியல் உலகத்துக்கே இதைப் புரிந்துகொள்ள வெகுகாலம் பிடித்தது. இங்கிலாந்தின் ராச்டேலில் ஆஸ்பெஸ்டாஸ் நூற்பு ஆலையில் வேலை செய்த நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924இல், 33 வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலைப் பரிசோதித்த மருத்துவர் வில்லியம் குக் அதை மருத்துவ இதழில் எழுதினார். 1931இல் அங்கே ஆலைத் தூசிக்கு விதிமுறைகள் வந்தன. நுரையீரல் புற்றுநோயோடு உள்ள தொடர்பைப் பிரிட்டிஷ் ஆய்வாளர் ரிச்சர்ட் டால் 1955இல் காட்டினார். 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற மருத்துவரும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் மீசோதீலியோமா நோயாளிகள் 33 பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் பலர் சுரங்கத்தில் வேலையே செய்யாதவர்கள்; நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கப் பகுதியில் வாழ்ந்தவர்கள். இவ்வளவும் தெரிந்த பிறகும் பிரிட்டன் முழுத் தடை கொண்டுவந்தது 1999இல்தான்.

புகை பிடிப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். 1979இல் வெளியான, வெப்பக்காப்புத் தொழிலாளர்கள் பற்றிய புகழ்பெற்ற ஆய்வில், இரண்டு பழக்கமும் இல்லாதவரோடு ஒப்பிட்டால் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் என்றால் சுமார் 5 மடங்கு, புகை மட்டும் என்றால் சுமார் 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் 50 மடங்குக்கும் மேல். மீசோதீலியோமாவுக்குப் புகையோடு இந்தத் தொடர்பு இல்லை. ஆனாலும் ஆஸ்பெஸ்டாஸோடு பழகிய ஒருவர் தன் உடலுக்குச் செய்துகொள்ளக்கூடிய பெரிய உதவி புகையை விடுவதுதான்.

படி 1: எங்கெல்லாம் இருக்கலாம் என்று பாருங்கள்

நெளிவு நெளிவான கூரை ஷீட் எல்லோருக்கும் தெரியும். அது ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட். பொதுவாக 10 முதல் 15 சதவீதம் இழையும் மிச்சம் சிமென்ட்டும். இழை சிமென்ட்டில் இறுகப் பிடிபட்டிருப்பதால் மற்றவற்றோடு பார்க்கும்போது இது ஆபத்து குறைந்த வகை. மழைநீர்க் குழாய், புகைபோக்கிக் குழாய், பழைய தண்ணீர்த் தொட்டி, சுவர்ப் பலகை போன்றவையும் இதே பொருளில் செய்யப்பட்டன.

உண்மையில் பயப்பட வேண்டியவை நம் கண்ணில் படாத இடத்தில் இருப்பவை. இரும்பு உத்தரங்களில் தீத்தடுப்புக்காகப் பஞ்சுபோல் தெளித்த பூச்சில் 85 சதவீதம் வரை ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பாய்லர், வெந்நீர்க் குழாய்களைச் சுற்றிய வெப்பக்காப்பு உறையும் இந்த வகைதான். விரலால் அழுத்தினாலே பொடியாகிவிடும். தீத்தடுப்புக்கும் தடுப்புச் சுவருக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் பயன்பட்ட மென்மையான காப்புப் பலகை பார்ப்பதற்குச் சிமென்ட் ஷீட் மாதிரியே இருக்கும். ஆனால் அதைவிட லேசானது, இழை அதிகம் கொண்டது, சுலபமாக உடைவது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து வேலை செய்தவர்கள் ஏராளம்.

இவை தவிர பழைய வினைல் தரை ஓடு, அதன் அடியிலிருக்கும் கறுப்புப் பசை, மேற்கூரையின் சொரசொரப்பான அலங்காரப் பூச்சு, அடுப்புக் கதவின் கயிறு, பழைய ஃபியூஸ் பெட்டியின் உட்பலகை ஆகியவற்றிலும் இருக்கலாம்.

கட்டிய ஆண்டு ஒரு நல்ல துப்பு. ஆஸ்திரேலியாவில் 2003 இறுதியோடும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005இலும், தென்கொரியாவில் 2009இலும், கனடாவில் 2018இலும் தடை வந்தது. அமெரிக்கா கிரைசோடைலைத் தடைசெய்தது 2024இல்தான். தடைக்கு முன் கட்டிய, அல்லது பழுதுபார்த்த எந்தக் கட்டடமும் சந்தேகப் பட்டியலில்தான். இன்னும் தடை வராத நாடுகளில் புதுக் கட்டடத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஆய்வகத்தில் உறுதி செய்யுங்கள்

ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, எத்தனை வருட அனுபவம் இருந்தாலும். இன்று வரும் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத இழைச் சிமென்ட் ஷீட்டும் பழைய ஷீட்டும் ஒரே தோற்றம் கொண்டவை. முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் பார்த்துத்தான் ஆய்வகம் முடிவு சொல்லும். முடிவு வரும்வரை "இருக்கிறது" என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரியைப் பயிற்சி பெற்ற ஒருவரை வைத்து எடுப்பதே நல்லது. சிமென்ட் ஷீட் மாதிரியான உறுதியான பொருளை நீங்களே எடுக்க நேர்ந்தால், முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, கீழே பாலித்தீன் விரித்து, அந்த இடத்தில் தண்ணீரை நன்றாகத் தெளியுங்கள். ஏற்கெனவே உடைந்திருக்கும் ஓரத்திலிருந்து ஒரு நாணய அளவுத் துண்டைக் குறடால் மெதுவாக எடுங்கள். எடுத்த இடத்தை டேப்பாலோ பெயின்ட்டாலோ மூடுங்கள். துண்டை ஒரு பையிலும், அந்தப் பையை இன்னொரு பையிலும் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதுங்கள். தரை ஓட்டில் இல்லை என்று வந்தால் பசையிலும் இல்லை என்று அர்த்தமில்லை. இரண்டையும் தனித்தனியே அனுப்ப வேண்டும். பொடியாக உதிரும் வெப்பக்காப்பிலும் தெளிப்புப் பூச்சிலும் நீங்கள் மாதிரி எடுக்கவே கூடாது.

படி 3: அகற்றத்தான் வேண்டுமா?

இந்தப் படியில்தான் அவசரப்படக் கூடாது. அகற்றும் வேலையே தூசியைக் கிளப்பும் வேலை. நன்றாக இருக்கும் பொருளை அகற்றுவதால் இல்லாத ஆபத்தை நாமே வரவழைத்துக்கொள்வதும் நடக்கும்.

பொருள் உறுதியாக இருந்து, விரிசலோ உதிர்தலோ இல்லாமல், யாருடைய கையும் காலும் படாத இடத்தில் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். விட்டுவிடுவது என்றால் மறந்துவிடுவது அல்ல. எந்த அறையில், எந்தப் பொருளில், என்ன நிலையில் இருக்கிறது என்று படத்தோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எலக்ட்ரீஷியனோ பிளம்பரோ ஏசி மாட்டுபவரோ வந்தால் வேலையைத் தொடங்கும் முன் அந்தக் குறிப்பேட்டைக் காட்டுங்கள். துளை போடுவது அவர்கள்தான். தூசியை முதலில் சுவாசிப்பதும் அவர்கள்தான். யாரும் சொல்லாததால் தெரியாமல் துளை போட்டு, பல வருடம் கழித்து நோயாளியான கட்டட வேலைத் தொழிலாளர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். வீட்டை விற்றாலும் வாடகைக்கு விட்டாலும் அந்தக் குறிப்பேடு கைமாற வேண்டும்.

லேசான தேய்மானம் இருந்தால் மேற்பரப்பைப் பூச்சால் மூடலாம், அல்லது மேலே வேறு பலகையால் காற்றுப் புகாமல் அடைக்கலாம். கூரைக்குப் பெயின்ட் அடிக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஆபத்து பெயின்ட் அடிப்பதில் இல்லை, அதற்கு முன்னால் பாசியைச் சுரண்டிக் கழுவுவதில் இருக்கிறது. அதிவேகத் தண்ணீர்ப் பீச்சி ஷீட்டின் மேல்தோலையே பெயர்த்து, இழைகளைச் சுற்றுப்புறம் முழுக்கச் சேறாகத் தெறிக்க வைக்கும். அது காய்ந்ததும் மறுபடி தூசிதான்.

பொருள் உதிர்கிறது, அடிக்கடி இடிபடுகிறது, மழையில் கசிந்து நொறுங்குகிறது என்றால் அகற்றுங்கள். கட்டடத்தையே இடிக்கவோ மாற்றிக் கட்டவோ போகிறீர்கள் என்றால், முதல் வேலையே ஆஸ்பெஸ்டாஸைத் தனியாக எடுப்பதுதான். இடித்த பிறகு பிரித்தெடுக்க முடியாது.

படி 4: யார் செய்வது?

தெளிப்புப் பூச்சு, குழாய் உறை, காப்புப் பலகை மூன்றும் உரிமம் பெற்ற நிறுவனத்தின் வேலை. இதில் விதிவிலக்கே கிடையாது. அவர்கள் அந்த இடத்தைப் பாலித்தீனால் முழுக்க அடைப்பார்கள். நுண்வடிகட்டி பொருத்திய விசிறியால் உள்ளிருக்கும் காற்றை இழுத்து, வெளிக்காற்று உள்ளே வருமே தவிர உள்காற்று வெளியே கசியாதபடி வைப்பார்கள். வெளியே வர மூன்று அறைகள் கொண்ட சுத்திகரிப்பு வழி இருக்கும். வேலை முடிந்ததும் அவர்களோடு தொடர்பில்லாத ஒருவர் காற்றைப் பரிசோதிப்பார். உங்களிடம் வரும் ஒப்பந்ததாரர் இவற்றைப் பற்றிப் பேசாமல் கடப்பாரையோடும் திறந்த லாரியோடும் வந்து நின்றால், தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். கழிவு எங்கே போகிறது, அதற்கு ரசீது தருவீர்களா என்பதையும் முதலிலேயே கேளுங்கள்.

உறுதியான சிமென்ட் ஷீட்டைச் சிறிய அளவில் உரிமையாளரே அகற்றலாம் என்று சில இடங்களில் சட்டம் அனுமதிக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் 10 சதுர மீட்டர்வரை. வேறு சில இடங்களில் அனுமதியே இல்லை. உங்கள் பகுதி விதியை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்காமல் தொடங்காதீர்கள். கீழே வருவது இந்தச் சின்ன வேலைக்கு மட்டுமே பொருந்தும்.

உயரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மனித எடையைத் தாங்காது. பழசாகிவிட்டால் விரிசல் தெரியாமலே திடீரென்று உடையும். ஷீட் உடைந்து விழுந்து இறப்பவர்கள் இந்த வேலையில் நிறைய. போல்ட் வரிசை மேல் கால் வைத்து நடந்தால் தாங்கும் என்பது ஆபத்தான நம்பிக்கை. ஷீட் மேல் ஏறாமல், கீழே சாரமோ மேடையோ போட்டு எட்டும் உயரம் என்றால் மட்டும் யோசிக்கலாம். அதற்கு மேல் என்றால் பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள்.

படி 5: தயாராகுங்கள்

காற்று அடங்கிய நாளாகப் பாருங்கள். லேசான ஈரப்பதம் இருந்தால் நல்லது, மழை வேண்டாம். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி ஜன்னல்களை மூடச் சொல்லுங்கள், காயப்போட்ட துணிகளை எடுக்கச் சொல்லுங்கள். குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் அன்று வேறு இடத்தில் இருக்கட்டும். சுற்றிலும் கயிறு கட்டி எச்சரிக்கைப் பலகை வையுங்கள். தண்ணீர் தெளிக்கப் போவதால் அந்தப் பகுதி மின் இணைப்பைத் துண்டிப்பது கட்டாயம். ஷீட்டுக்குக் கீழே உள்ள பொருள்களை வெளியே எடுத்துவிட்டு, தரையில் 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலித்தீன் விரியுங்கள். ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள்.

துணி முகக்கவசமும் அறுவைச் சிகிச்சை முகக்கவசமும் இதற்கு உதவவே உதவாது. பி3 அல்லது பி100 வடிகட்டி மாட்டிய, ரப்பர் விளிம்புள்ள அரைமுகக் கவசம் வாங்குங்கள். முகத்தோலோடு ஒட்டினால்தான் அது வேலை செய்யும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும், வடிகட்டி எவ்வளவு உயர்ந்ததானாலும் பயனில்லை. ஆகவே மழித்துவிட்டு வாருங்கள். ஒருமுறை அணிந்து எறியும் முழு உடலாடை, தலைமூடியோடு, ஒரு அளவு பெரியதாக இருக்கட்டும், குனியும்போது கிழியாது. தலைமூடி முகக்கவசப் பட்டைக்கு மேலே வர வேண்டும். கால்சட்டை பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே திணிக்கக் கூடாது. லேஸ் இல்லாத ரப்பர் பூட்ஸ் போடுங்கள், கழுவ முடியும். மணிக்கட்டில் டேப் சுற்றுங்கள்.

கருவிகள் எல்லாம் கைக்கருவிகளே: ஸ்பேனர், போல்ட் வெட்டி, தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பான். தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் கலந்தால் ஈரம் உள்ளே இறங்கும். டிரில், கிரைண்டர், ரம்பம், துடைப்பம், சாதாரண வேக்குவம் கிளீனர் இவற்றை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். வீட்டு வேக்குவம் கிளீனரின் வடிகட்டி வழியே இந்த இழைகள் நேராக வெளியே வந்து அறை முழுக்கப் பரவும். ஆஸ்பெஸ்டாஸுக்கென்றே உள்ள எச் வகுப்பு வேக்குவம் கிளீனர் கிடைத்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

படி 6: நனையுங்கள், கழற்றுங்கள், இறக்குங்கள்

முதலில் மெல்லிய தூறலாகத் தெளியுங்கள், பீச்ச வேண்டாம். ஷீட்டின் மேல்பக்கத்தை மட்டும் நனைத்துவிட்டு நிறுத்திவிடுவது பலர் செய்வது. அடிப்பக்கத்தில்தான் பல வருடத் தூசி ஒட்டியிருக்கிறது. அதையும் நனைக்க வேண்டும். சில நிமிடம் ஊறவிட்டு மறுபடி தெளியுங்கள். தண்ணீர் வழிந்து ஓடுகிற அளவுக்கு வேண்டாம், ஓடும் தண்ணீரோடு இழையும் போகும்.

அப்புறம் போல்ட்டுகள். துருப்பிடித்த போல்ட்டை ஷீட்டோடு சேர்த்து முறுக்கி இழுத்தால் ஷீட் கிழியும். நட்டைச் சுற்றி ஈரமாக்கி ஸ்பேனரால் கழற்றுங்கள். அசையாவிட்டால் போல்ட் வெட்டியால் உலோகத்தை வெட்டுங்கள், ஷீட்டை அல்ல. ஆணியடித்த ஷீட் என்றால் ஆணியைச் சுற்றி ஈரப் பசைபோல் எதையாவது, ஷேவிங் நுரைகூடச் சரி, வைத்து மெதுவாகப் பிடுங்குங்கள். நுரை தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

ஷீட் விடுபட்டதும் இரண்டு பேராக, முழுசாக, கையோடு கைமாற்றி இறக்குங்கள். மேலிருந்து போடாதீர்கள், சறுக்கிவிடாதீர்கள், ஒன்றின்மேல் ஒன்றை இழுக்காதீர்கள். வண்டியில் ஏறவில்லை என்று பாதியாக உடைப்பது செய்த அத்தனை கவனத்தையும் வீணாக்கும். பெரிய வண்டியை ஏற்பாடு செய்யுங்கள். இறக்கிய ஷீட்டை மறுபடி நனைத்து பாலித்தீன்மேல் அடுக்குங்கள். உடைந்த துண்டுகளைக் காயும் முன்னே பொறுக்கிப் பையில் போடுங்கள்.

வேலை நடுவே தண்ணீர் குடிக்கவோ ஃபோன் பேசவோ முகக்கவசத்தை இறக்கக் கூடாது. வெளியே வந்து, சுத்தம் செய்துகொண்டு, பிறகு குடியுங்கள்.

படி 7: பொதியுங்கள்

முழு ஷீட்டுகளை இரண்டு அடுக்குப் பாலித்தீனில் சுற்றி எல்லா மடிப்பையும் டேப்பால் ஒட்டுங்கள். துண்டுகள், துணிகள், விரித்த பாலித்தீன் எல்லாம் கனமான பைக்குள் பை என்று இரட்டையாக. பையைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். வாயை முறுக்கி, கழுத்துபோல் மடக்கி, டேப் சுற்றுங்கள். பையை அமுக்கிக் காற்றை வெளியேற்றினால் அந்தக் காற்றோடு இழையும் உங்கள் முகத்தில்தான் அடிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கழிவு, தூசியைச் சுவாசிப்பது ஆபத்து என்று வெளியே தெளிவாக எழுதுங்கள்.

சட்டங்களையும் தரையையும் ஈரத் துணியால் துடையுங்கள். ஒரு துணியை ஒரு முறை மடித்துத் துடைத்தபின் பையில் போடுங்கள், வாளியில் அலசித் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். துடைத்து முடித்து, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் படிந்திருக்கும் தூசி தெரியும். உட்புற வேலை என்றால் காற்றுப் பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்யுங்கள். பிரிட்டனில் அடைப்புக்குள் செய்த வேலைக்குப் பிறகு ஒரு மில்லிலிட்டர் காற்றில் 0.01 இழைக்குக் கீழே இருந்தால்தான் அறையைத் திரும்பத் தருவார்கள்.

படி 8: உங்களைச் சுத்தம் செய்யுங்கள்

ஆலைத் தொழிலாளர்களின் மனைவிகளும் பிள்ளைகளும் மீசோதீலியோமாவால் இறந்திருக்கிறார்கள். வேலை உடையை உதறித் துவைத்ததும், உடை மாற்றாமல் வந்த அப்பாவின் மடியில் உட்கார்ந்ததும்தான் அவர்கள் செய்தது. அதனால் இந்தப் படியில் வரிசை மாறக் கூடாது.

முகக்கவசத்தோடு நின்றபடியே பூட்ஸையும் உடலாடையையும் ஈரத் துணியால் துடையுங்கள். பிறகு தலைமூடியிலிருந்து தொடங்கி உடலாடையை உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டியபடி இறக்குங்கள். கையுறையும் அதோடு சேர்ந்து வரட்டும். பையில் போடுங்கள். முகக்கவசம் கடைசியாகத்தான். கண்ணை மூடி முகத்தையும் கவசத்தின் வெளிப்பக்கத்தையும் நனைத்துவிட்டுக் கழற்றுங்கள். நேராகக் குளிக்கப் போங்கள். தலைக்கு ஊற்றி, நகத்துக்கு அடியிலும் தேய்த்துக் குளியுங்கள். உள்ளே போட்டிருந்த துணியை வீட்டுத் துணியோடு துவைக்காதீர்கள். அதையும் பையோடு அனுப்பிவிடுவது உத்தமம்.

படி 9: கழிவை ஒப்படையுங்கள்

ஆஸ்பெஸ்டாஸ் மக்காது, சாதாரண நெருப்பில் அழியாது. தீயில் சிமென்ட் ஷீட் வெடித்துச் சிதறி இழையைப் பரப்பும். ஆகவே எரிக்காதீர்கள். நொறுக்கிப் பள்ளத்தை நிரப்பாதீர்கள், பாதைக்குக் கொட்டாதீர்கள், மாட்டுக் கொட்டகைக்கு ஆகுமே என்று யாருக்கும் கொடுக்காதீர்கள். ஆபத்தான கழிவுகளுக்கான அனுமதி பெற்ற நிலத்தில் மண் மூடிப் புதைப்பதுதான் நடைமுறை. ரசீதை வாங்கிக் குறிப்பேட்டில் வையுங்கள்.

தவறுதலாக உடைந்துவிட்டால்

நிறுத்துங்கள். மின்விசிறியையும் ஏசியையும் அணைத்து, எல்லோரும் வெளியேறி, கதவை மூடுங்கள். பெருக்காதீர்கள். உடையில் தூசி பட்டிருந்தால் உதறாமல் நனைத்துக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுக் குளியுங்கள். சின்ன உடைப்பு என்றால் கவச உடையோடு திரும்பிவந்து ஈரமாக்கித் துடையுங்கள். உதிரும் வகை என்றால் நிபுணர் வரும்வரை அந்த அறைக்குள் யாரும் போக வேண்டாம். புயலுக்கும் தீ விபத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் பிறகு இடிபாடுகளை அள்ளுபவர்களுக்கும் இதே விதிதான்: நனைக்காமல் கை வைக்காதீர்கள், நல்ல முகக்கவசம் இல்லாமல் நெருங்காதீர்கள்.

ஏற்கெனவே சுவாசித்துவிட்டவர்களுக்கு

எப்போதோ ஒரு நாள் ஒரு துளை போட்டீர்கள், ஒரு ஷீட் உடைந்தது என்றால் உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இதற்குக் கீழே ஆபத்தே இல்லை என்று சொல்லத்தக்க அளவு ஒன்று கண்டறியப்படவில்லை என்பது உண்மை. ஆனால் ஆபத்து அளவோடும் காலத்தோடும் கூடுகிறது. ஒரே ஒரு தடவை சுவாசித்ததால் நோய் வரும் வாய்ப்பு மிகச் சிறியது. உடனே எக்ஸ்ரே எடுத்துப் பயனில்லை, அதில் எதுவும் தெரியாது. உள்ளே போன இழையை வெளியே எடுக்கும் மருந்தும் இல்லை; அப்படிச் சொல்லி விற்கும் எதையும் வாங்காதீர்கள்.

வருடக்கணக்கில் கூரை, கப்பல், பாய்லர், இடிப்பு வேலைகளில் இருந்தவர்களின் நிலை வேறு. அவர்கள் நுரையீரல் மருத்துவர் ஒருவரிடம் முறையாகப் பரிசோதனை செய்துகொண்டு வர வேண்டும். எந்த ஆண்டு, என்ன வேலை, எவ்வளவு காலம், முகக்கவசம் இருந்ததா என்று ஒரு தாளில் எழுதி மருத்துவக் கோப்பில் சேர்த்து வையுங்கள். படியேறினால் மூச்சு வாங்குவது, விடாத வறட்டு இருமல், ஒரு பக்க நெஞ்சுவலி, காரணமில்லாமல் எடை குறைவது இவற்றில் எது வந்தாலும், வேலையை விட்டு 30 வருடம் ஆகியிருந்தாலும், மருத்துவரிடம் போங்கள். அவர் கேட்காவிட்டாலும், ஆஸ்பெஸ்டாஸ் வேலை செய்திருக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.